சூரியன் கடலில் விழும்போது ‘சுர்’ என்று சத்தம் ஏன் வருவதில்லை?

கேள்வி இதுதான்: “ஆறு வயது மகளைக் கன்னியாகுமரிக்கு அழைத்துப் போயிருந்தோம். சூரியன் கடலில் இறங்கியதும், ‘சூடான தோசைக்கல்லில் தண்ணீர் பட்டாலே சுர் என்கிறது. இவ்வளவு பெரிய சூரியன் தண்ணீரில் விழுந்தும் ஏன் சத்தமே இல்லை? காலையில் அந்தப் பக்கக் கடலுக்கு எப்படிப் போனது?’ என்று கேட்டாள். பூமிதான் சுற்றுகிறது என்றேன். ‘நான் சுற்றவில்லையே’ என்றாள். அறிவியல் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.”

என்னிடம் சரியான பதில் ஒன்றும் தவறான பதில்கள் ஏழெட்டும் இருக்கின்றன. தவறானவைதான் சுவையானவை என்பதால் அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் முப்பது ஆண்டு இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் நான். கன்னியாகுமரிக் கரையில் உட்கார்ந்து கடலை கொறித்தபடி இந்த விளக்கங்களைச் சேகரித்திருக்கிறேன். சிலவற்றை நானே உற்பத்தி செய்திருக்கிறேன். அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்: உண்மையைச் சொல்லக் கணக்கு தெரிய வேண்டியதில்லை, பாடப்புத்தகத்தைக் கைகாட்டினால் போதும். ஆறு வயதுக் குழந்தையிடம் பொய் சொல்லத்தான் எண்கள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் சத்தம். சத்தம் வரவில்லை என்று யார் சொன்னது? இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஒலி காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் போகிறது. கரையில் நிற்கிற ஒருவருக்குத் தெரியும் கடல் விளிம்பு ஏறக்குறைய நாலே முக்கால் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. சூரியன் அந்த விளிம்பில் விழுந்திருந்தால் 14 விநாடியில் சத்தம் நம் காதுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அது விழுந்த இடம் அதைவிடத் தூரம். சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். 340ஆல் வகுத்துப் பாருங்கள். 14 விநாடி போய் ஏறக்குறைய 14 ஆண்டு வரும். நீங்கள் அன்று பார்த்த அஸ்தமனத்தின் ‘சுர்’ உங்கள் மகளுக்கு இருபது வயதாகும்போதுதான் கரைக்கு வந்து சேரும்.

அப்படியானால் 14 ஆண்டுக்கு முந்தைய சத்தம் இன்று கேட்க வேண்டுமே என்று நீங்கள் மடக்கலாம். கேட்கத்தானே செய்கிறது! கடற்கரையில் இரவு பகலாக ஓயாமல் ஓர் இரைச்சல் இருக்கிறதே, அது என்ன என்று நினைத்தீர்கள்? உலகத்தில் ஏதாவது ஒரு கரையில் எந்நேரமும் சூரியன் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பழைய பாக்கியெல்லாம் வரிசையில் வந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கோட்பாட்டில் ஓட்டை ஒன்றே ஒன்றுதான். சூரியனுக்கும் நமக்கும் நடுவில் காற்று கிடையாது. காற்று இல்லாத இடத்தில் ஒலி போகாது. இதை நீங்களாக வலியப் போய்ச் சொல்ல வேண்டாம். அவளே ஒரு நாள் கண்டுபிடித்துக்கொண்டு வருவாள். அன்றைக்கு வீட்டில் பாயசம் வையுங்கள்.

சத்தத்தைத் தேடியது உங்கள் மகள் மட்டும் அல்ல. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஸ்பெயினின் அட்லாண்டிக் கரையில் இதே பேச்சு இருந்தது. அங்கே சூரியன் மிகப் பெரிதாகி, கடலே அதை அணைப்பது போலச் சீறலோடு விழுகிறது என்று ஊரார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆர்ட்டெமிடோரஸ் என்பவர், அங்கே மறையும் சூரியன் நூறு மடங்கு பெரிது, மறைந்த கையோடு இரவு கவிந்துவிடும் என்று எழுதியே வைத்துவிட்டார். பொசிடோனியஸ் என்ற கிரேக்க அறிஞர் இதைக் கேட்டுவிட்டு வீட்டில் இருந்தபடி மறுக்கவில்லை. இன்று காடிஸ் என்று வழங்கும் அந்த ஊருக்கே போய் முப்பது நாள் தங்கி, மாலை மாலையாகச் சூரியன் மறைவதைப் பார்த்தார். சீறலும் இல்லை, நூறு மடங்கும் இல்லை, உடனடி இரவும் இல்லை என்று திரும்பி வந்து சொன்னார். ஸ்ட்ராபோ என்ற பழைய கிரேக்கப் புவியியலாளர் அதைக் குறித்து வைத்ததால் நமக்குத் தெரிகிறது. இல்லாத ஒரு சத்தத்துக்காக முப்பது நாள் காது கொடுத்துக் காத்திருந்த மனிதர் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

சூரியன் அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது கண்ணின் ஏமாற்றம்தான். சந்தேகம் இருந்தால் முழுநிலவை வைத்துச் சோதித்துப் பாருங்கள். அதுவும் வானத்தில் அதே அளவுதான். கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால், உதிக்கும் நிலவும் உச்சி நிலவும் விரல் அகலத்தில் பாதிதான் இருக்கும். சோதனையை உச்சிச் சூரியனை வைத்துச் செய்துவிடாதீர்கள், கண் போய்விடும்.

அடுத்தது தோசைக்கல் கோட்பாடு. இது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் பாதி நிஜம். தோசைக்கல் மிதமான சூட்டில் இருக்கும்போது தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ என்று பரவி ஆவியாகிவிடும். கல்லை மறந்துபோய் நன்றாகக் காயவிட்டுத் தெளித்துப் பாருங்கள். சத்தம் சுருங்கிவிடும். துளிகள் பாதரசக் குண்டுமணி மாதிரி உருண்டு, ஒன்றை ஒன்று துரத்தி, கல்லின் விளிம்பு வரை ஓடி, சீக்கிரத்தில் ஆவியாகாமல் ஆட்டம் காட்டும். துளியின் அடிப்பாகம் நொடியில் ஆவியாகி மெத்தை போலத் தாங்குகிறது. தண்ணீர் கல்லைத் தொடுவதே இல்லை. 1756இல் லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரமாக எழுதினார். நம் வீட்டுப் பெண்கள் அதற்கு முன்பே தெரிந்துகொண்டு, கல் காய்ந்தது போதும் என்று அடுப்பைத் தணித்திருப்பார்கள்.

இப்போது கோட்பாட்டுக்கு வருவோம். தோசைக்கல்லில் இந்த ஆட்டம் தொடங்க இருநூறு டிகிரி போதும். சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி. அந்தச் சூட்டில் கடல் சூரியனைத் தொட முடியுமா? தொடவில்லை என்றால் சத்தம் ஏது? ஆவி மெத்தையில் ஏறிய சூரியன் உராய்வே இல்லாமல் கடலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய், விடியற்காலையில் கிழக்கே வெளிவருகிறது. ஒரே கோட்பாட்டில் உங்கள் மகளின் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. காலைச் சூரியன் நனையாமல் வருவதற்கும் இதுவே காரணம்.

கணக்குப் போட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பது வேறு விஷயம். சூரியன் வெளிவிடும் ஆற்றல் முழுவதையும் கடலுக்குள் திருப்பிவிட்டால், உலகத்துக் கடல்நீர் அத்தனையும் கொதித்து ஆவியாக எவ்வளவு நேரம் ஆகும்? வகுப்பில் இதைக் கேட்டபோது ஒருவன் ஒரு வருஷம் என்றான், ஒருத்தி ஒரு வாரம் என்றாள். கடல்நீர் ஏறக்குறைய 134 கோடி கன கிலோமீட்டர். கணக்கு சொல்லும் நேரம் பத்து விநாடி. சூரியன் கடலில் விழுந்தால் யார் யாரை அணைப்பார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. போதாக்குறைக்கு, சூரியன் விறகு மாதிரி எரிவதில்லை. ஹைட்ரஜன் அணுக்கரு பிணைந்து ஹீலியமாகிறது. தண்ணீரை ஊற்றினால் அதில் உள்ள ஹைட்ரஜனும் கூடச் சேரும். சூரியனை அணைக்கத் தண்ணீர் ஊற்றுவது அடுப்பை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றுகிற புத்திசாலித்தனம்.

சூரியன் எப்படி மேற்கிலிருந்து கிழக்குக்குப் போகிறது என்பதில் கன்னியாகுமரிக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. சென்னைக்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. மெரினாவில் சூரியன் கடலிலிருந்து வருகிறது. சாயங்காலம் முதுகுப் பக்கம் கட்டடங்களுக்குப் பின்னால் மறைகிறது. கோயம்பேட்டில் இறங்கி ராத்திரி பஸ் பிடிக்கிறது என்று சொன்னால் குழந்தை ஒப்புக்கொள்ளும். குமரிமுனையில் அப்படி இல்லை. உதிக்கிற கரைக்கும் மறைகிற கரைக்கும் நடை தூரம்தான். நாம் டீ குடித்துக்கொண்டே போய்விடும் தூரத்தைச் சூரியன் கடக்கப் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வானேன்? சிப்பி மாலை விற்கும் பெரியவர் ஒருவர் எனக்கு விளக்கினார்: “அடியில் சுரங்கம் இருக்கிறது சார். சுரங்கத்துக்குள் ஏதோ வேலை நடக்கிறது போல.” அவர் சிரிக்காமல் சொன்னார். நம் ஊரில் சாலை தோண்டும் வேகத்தைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

அந்தக் கரையின் சிவப்பு மணலும் கறுப்பு மணலும்கூட சுரங்கத்துக்குச் சாட்சி என்பார் அவர்: சூரியன் நுழையும்போதும் வெளியேறும்போதும் உரசி உதிர்த்த துருவல் அது. (சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். அலை இலேசான மணலை அரித்துக்கொண்டு போக, கனமான கனிமம் கரையில் தங்கிவிடுகிறது.) சூரியன் ஆண்டு முழுவதும் அங்கே கடலில்தான் மறைகிறது என்று நம்பி மே மாதம், ஜூன் மாதம் வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்த மாதங்களில் சூரியன் வடமேற்கே நகர்ந்து நிலப்பக்கம் மறையும். சுரங்க வாசல் பராமரிப்புக்காக மூடப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சித்திரா பௌர்ணமி அன்று ஒரு பக்கம் சூரியன் மறைய, மறுபக்கம் சந்திரன் உதிக்கும் அதிசயத்தைப் பார்க்கக் கூட்டம் கூடும். சுரங்கக் கோட்பாட்டின்படி இது ஒருவழிப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிடும் ஏற்பாடு. உண்மை என்னவென்றால் எந்தப் பௌர்ணமியிலும் நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். ஒன்று மறையும் வேளையில் மற்றது உதித்தாக வேண்டும். மாதா மாதம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஒரே இடத்தில் நின்று இரண்டு கடலையும் பார்க்கும் வசதி குமரிமுனைக்கு இருக்கிறது, பெயர் அதற்குப் போய்விட்டது.

மறையும் சூரியன் நசுங்கித் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். மென்மையான பண்டத்தை இலையில் வைத்தால் அடி அமுங்குவதில்லையா என்பது மாணவன் ஒருவனின் விளக்கம். இந்த உளுந்து வடைக் கோட்பாட்டுக்கு நான் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுத்தேன், கவனிப்புக்காக. காற்று மண்டலம் ஒளியை வளைத்துச் சூரியனைத் தூக்கிக் காட்டுகிறது. கடலை ஒட்டிய கீழ் விளிம்பை அதிகமாகவும் மேல் விளிம்பைக் குறைவாகவும் தூக்குவதால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போல அமுங்கிவிடுகிறது. சிவப்புக்கும் காற்றுதான் காரணம். தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைப்போல் ஏறக்குறைய 38 மடங்கு காற்றை அடிவானத்து ஒளி கடந்து வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போக, சிவப்பு மட்டும் கரை சேர்கிறது. கடைசிக் கீற்று மறையும் நொடியில் அபூர்வமாக ஒரு பச்சை மினுக்கும். சூரியன் கடல் பாசியில் சிக்கிவிட்டது என்று ஒரு மாணவி எழுதினாள். முப்பது ஆண்டில் இரண்டே முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் பக்கத்தில் இருந்தவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவையெல்லாம் தீங்கில்லாத பொய்கள். எனக்குக் கோபம் வருவது இன்னொன்றின் மீது. “சூரிய ஒளி நம்மிடம் வர எட்டே கால் நிமிடம் ஆகிறது, ஆகவே நாம் பார்க்கும் சூரியன் எட்டு நிமிடத்துக்கு முன்பே மறைந்துவிட்டது” என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எண் சரி, முடிவு தவறு. சூரியன் ஓடிப்போய்க் கடலுக்குப் பின்னால் ஒளிந்தால்தான் அந்தச் செய்தி தாமதமாக வரும். இங்கே திரும்புவது நாம். ஒளி ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. அதன் குறுக்கே கடலின் விளிம்பு ஏறி வந்து மறைக்கிறது. ஜன்னல் திரையை இழுத்தால் தெரு உடனே மறைகிறதே, தெருவிலிருந்து ஒளி வர எடுத்த நேரத்துக்காகத் திரை காத்திருப்பதில்லை.

நியாயமாகப் பார்த்தால் ‘பார்க்கும்போதே இல்லை’ என்பது வேறு ஒரு வகையில் உண்மை. காற்று ஒளியை வளைக்கும் அளவு அடிவானத்தில் சூரியனின் முழு அகலத்தைவிடச் சற்றே அதிகம். அதாவது சூரியனின் அடி கடலைத் தொடுவதாக நீங்கள் பார்க்கும் நொடியில், வளையாத நேர்க்கோட்டுக் கணக்குப்படி முழுச் சூரியனும் கடலுக்குக் கீழே போயாகிவிட்டது. நாற்காலியில் துண்டு கிடக்கிறது, ஆள் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு நிமிடம் சொச்சம் நாம் கைதட்டி வழியனுப்புவது அந்தத் துண்டுக்குத்தான்.

கைதட்டியதும் கூட்டம் எழுந்து பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறது. இதை நான் மன்னிப்பதே இல்லை. சூரியன் மறைந்த பிறகு அந்தக் கரையில் இருபது நிமிடத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும், நல்ல நிறங்கள் எல்லாம் அப்போதுதான் வரும். நெய்தல் நிலத்துக்குத் தொல்காப்பியர் ஒதுக்கிய பொழுதின் பெயர் எற்பாடு. எல் என்றால் ஞாயிறு, பாடு என்றால் படுதல். நம் மொழியே பொய்க் கோட்பாட்டின் பக்கம்தான் நிற்கிறது பாருங்கள். ஞாயிறு படுகிறது, பொழுது சாய்கிறது, கோழி அடைவது போலப் பொழுதும் அடைகிறது. “பூமி திரும்பிவிட்டது, விளக்கை ஏற்று” என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

இனி உங்கள் மகளின் கடினமான கேள்வி: “நான் சுற்றவில்லையே.” வாயால் விளக்கிப் பயனில்லை, கரைக்கு அழைத்துப் போங்கள். அலை எட்டாத இடத்தில் துண்டை விரித்துக் குப்புறப் படுக்க வையுங்கள், தாடை மணலைத் தொட வேண்டும். நீங்களும் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். காதுக்குள் மணல் போகும், நண்டு பார்க்கும், நாலு பேர் சிரிப்பார்கள், போகட்டும். கடைசிச் சிவப்புப் புள்ளி மறைந்ததும் அவளைச் சட்டென்று தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள். மறைந்த சூரியன் திரும்ப வந்திருக்கும். அதே மாலையில் இரண்டாவது அஸ்தமனம். நீங்கள் நின்றால் சுமார் ஏழு விநாடி கிடைக்கும், தோளில் இருப்பவளுக்கு இன்னும் ஓரிரண்டு விநாடி கூட. அடிவானத்தில் மேகம் இல்லாத நாளாகப் பாருங்கள். கடலில் விழுந்து அணைந்த ஒன்று, நீங்கள் எழுந்து நின்றதற்காகத் திரும்பி வராது. அவள் பார்வையை மறைத்தது கடலின் வளைவு என்பதைத் தோளில் உட்கார்ந்தபடியே புரிந்துகொள்வாள்.

மிச்சத்தை ஆரியபட்டர் கி.பி. 499இல், 23 வயதில் சொல்லிவிட்டார். முன்னோக்கிப் போகும் படகில் இருப்பவனுக்கு அசையாத கரைகள் பின்னோக்கிப் போவதாகத் தெரிவது போல, நிற்கிற விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்றார். வராகமிகிரர் விடவில்லை, பூமி சுற்றினால் கூட்டை விட்டுப் பறந்த பறவைகள் திரும்ப எப்படிக் கூடு சேரும் என்று கேட்டார். உங்கள் மகள் கேட்டதும் ஏறக்குறைய அதுதான், அவளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பதில்: காற்றும் கூடவே சுற்றுகிறது, பறவையும் கூடு இருக்கும் வேகத்தோடுதான் கிளம்புகிறது. ஓடுகிற பஸ்ஸுக்குள் பறக்கும் ஈ பின் கண்ணாடியில் போய் மோதுவதில்லை. குமரிமுனையில் நாம் நிமிடத்துக்கு 27 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறோம். சூரியன் கடலைத் தொட்டு முழுதாக மறைவதற்குள், உட்கார்ந்த இடத்திலிருந்தபடி சுமார் அறுபது கிலோமீட்டர். குலுங்காத வண்டி, அதனால் தெரியவில்லை.

என் மகளுக்கும் ஆறு வயதில் இதே சந்தேகம் வந்தது. ஒரு காணும் பொங்கல் அன்று, காலூன்ற இடமில்லாத கூட்டத்தில், ஏன் சத்தம் வரவில்லை என்று கேட்டாள். சொன்னேனே, அந்தப் பதினான்கு ஆண்டுக் கணக்கு, அது அவளுக்காகப் போட்டதுதான். விரல் விட்டு எண்ணிவிட்டு, “அப்போது எனக்கு இருபது வயது” என்றாள். பிறகு நான் மறந்துவிட்டேன்.

இந்த ஆண்டு காணும் பொங்கல் அன்று கோயம்புத்தூர் விடுதியிலிருந்து போன் வந்தது.

“அப்பா, இன்றைக்கு என்ன நாள் தெரியுமா? சத்தம் வர வேண்டிய நாள். ஆனால் உங்கள் கணக்கு தப்பு.”

“காற்று இல்லை என்றுதானே சொல்லப் போகிறாய்?”

“அது எட்டாம் வகுப்பிலேயே தெரியும். நீங்கள் விநாடிக்கு 340 மீட்டர் என்று போட்டீர்கள். அது 15 டிகிரிக் குளிருக்கான எண். கன்னியாகுமரிச் சூட்டில் 348 போட வேண்டும். அப்படிப் பார்த்தால் சத்தம் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. நீங்கள் கேட்கவில்லையா?”

செப்டம்பரில் எனக்கு மூட்டு வலி. கடற்கரைப் பக்கமே போகவில்லை.